சென்னைப் புறநகர்களின் சரித்திரமும் நம்மவர் குடியேற்றமும்

நாமகிரிப்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் நம் சங்கத்தாருள், சென்னைப் பட்டணத்திற்கு ஒரு மகனையோ மகளையோ அனுப்பாத குடும்பங்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. கல்வியின் பொருட்டுச் சென்றவர்கள் உத்தியோகத்தின் பொருட்டு அங்கேயே தங்குகின்றனர். தங்கியவர்கள் விவாகமாகிக் குழந்தைகள் பிறந்த பின்னர், வாடகை கொடுத்து வாழ்வதினும் சொந்தமாக ஒரு வீடு வாங்குதல் நலமென்று கருதுகின்றனர். அப்பொழுது ஊரிலுள்ள பெற்றோருக்குச் செய்தி வருகின்றது. பெற்றோரும் பாட்டன் காலத்து மஞ்சட் காட்டில் ஒரு பகுதியை விற்றுப் பணம் அனுப்புகின்றனர். இரண்டு மூன்று தலைமுறையினர் கிணறு வெட்டி, எரு இட்டுப் பண்படுத்திய பூமி, சென்னைப் புறநகரொன்றில் சில நூறு சதுர அடி இடமாக ஒரே நாளில் மாறிவிடுகின்றது. இம்மாற்றம் நலமாகவும் முடியலாம், தீதாகவும் முடியலாம். எங்ஙனம் முடியும் என்பது பெரும்பாலும் எந்தப் புறநகரைத் தெரிந்தெடுக்கின்றோம் என்பதைப் பொறுத்ததாகும். ஆதலின் இதனைக் குறித்துச் சில சரித்திர விஷயங்களை நம் அன்பர்கள் முன்னிலையில் வைக்க விரும்புகின்றோம்.

புறநகரைத் தெரிந்தெடுக்கும் சமயத்தில் நம்மவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் நான்கு. விலை என்ன? அலுவலகம் எவ்வளவு தூரம்? அருகில் நல்ல பள்ளிக்கூடம் உண்டா? நம் உறவினர் யாரேனும் அங்கு இருக்கின்றனரா? இந்நான்கும் கேட்க வேண்டியவையே. ஆயினும், நம் ஊரில் ஒரு காட்டை வாங்கப் போகும் பெரியவர் இவற்றிற்கெல்லாம் முன்பாக வேறொன்றைக் கேட்பார். "இந்தப் பூமி முன்னே எப்படி இருந்தது? மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும்?" என்பதே அவருடைய முதற்கேள்வி. மஞ்சள் பயிரிடுவோர் அதன் காரணத்தை நன்கறிவர். நீர் தேங்கும் நிலத்தில் கிழங்கு அழுகிப்போம். எவ்வளவு எரு இட்டும் பயனில்லை. காட்டிற்கு இத்தனை விசாரணை செய்யும் நாம், பல மடங்கு பொருள் கொடுத்து வாங்கும் வீட்டிற்கு அதனைச் செய்யாது விடுகின்றோம். சென்னைப் புறநகர்களின் சரித்திரம் இக்கேள்விக்கு விடையளிக்க வல்லது.

சென்னை ஆதியில் ஒரே ஊராகத் தோன்றியதன்று. 1639-ம் வருஷத்தில் ஆங்கிலக் கம்பெனியார் கடற்கரையில் ஒரு சிறு நிலப்பகுதியைப் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கினர். அதன் பின்னர்ச் சுற்றிலுமுள்ள பழைய கிராமங்கள் ஒவ்வொன்றாக அவர்கள் கைக்கு வந்தன. திருவல்லிக்கேணி 1676-ம் வருஷத்திலும், எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை என்பன 1693-ம் வருஷத்திலும், திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி முதலியன 1708-ம் வருஷத்திலும், வேப்பேரி, பெரம்பூர், புதுப்பாக்கம் என்பன 1742-ம் வருஷத்திலும், மயிலாப்பூரும் சாந்தோமும் 1749-ம் வருஷத்திலும் சேர்ந்தன. இக்கிராமங்களில் மயிலையும் அல்லிக்கேணியும் ஒற்றியூரும் சென்னை என்னும் பெயர் பிறக்குமுன்னரே பாடல் பெற்ற பழம்பதிகள். ஒவ்வொரு கிராமத்திற்கும் கோயில், குளம், ஏரி, ஏரிக்குக் கீழ் நஞ்சை, மேட்டில் குடியிருப்பு என்னும் அமைப்பு இருந்தது. ஆகவே சென்னையின் எந்தப் புறநகரை எடுத்துக்கொண்டாலும், தார்ச் சாலைக்கும் மாடி வீட்டிற்கும் அடியில் நம் ஊரைப் போன்ற ஒரு பழைய கிராமம் இருக்கின்றதென்று அறிதல் வேண்டும்.

முதல் நூற்றைம்பது வருஷங்களில், யார் எங்கு வசிப்பது என்பதைப் பெரும்பாலும் அதிகாரத்தில் இருந்தவர்களே நிர்ணயித்தனர். கோட்டைக்குள் வெள்ளையரும், அதற்கு வடக்கே கறுப்பர் பட்டணமென்று அவர்கள் அழைத்த பகுதியில் நம் நாட்டாரும் இருந்தனர். கம்பெனியாரின் வியாபாரத்தில் துணியே முதன்மையான சரக்காதலால், துணித்தொழில் செய்வோரை அருகில் குடியேற்றுவதில் அவர்கள் மிகுந்த ஊக்கம் காட்டினர். துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் வசித்த இடம் வண்ணாரப்பேட்டை ஆயிற்று. கவர்னர் காலெட் என்பவர் பெயரால் நெசவாளர்க்கு ஏற்பட்ட குடியிருப்பு காலாடிப்பேட்டை என்று மருவி வழங்குகின்றது. 1734-ம் வருஷத்தில், கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், சுங்குராமர் என்னும் வணிகரின் தோட்டமாக இருந்த நிலத்தில் நெசவாளரையும் நூல் நூற்போரையும் குடியேற்றி அமைத்ததே சிந்தாதிரிப்பேட்டை. சின்னத்தறிப்பேட்டை என்னும் பெயரே அங்ஙனம் திரிந்ததென்பர். பிற்காலத்தில் 1792-ம் வருஷத்தில் சேலம் சீமையும் கம்பெனியார் வசமாயிற்று.

அந்நாளில் ஜாதிப் பிரிவினையும் வீதிகளின் எல்லையை வகுத்தது. வலங்கை, இடங்கை என்னும் இரு பெரும் பிரிவினர்க்கிடையே, எந்த வீதியில் யார் திருமண ஊர்வலம் போகலாம் என்பதைப் பற்றி 1707-ம் வருஷத்தில் பெருங்கலகம் மூண்டது. கவர்னர் தாமஸ் பிட் என்பவர், பெத்துநாயக்கன்பேட்டை வலங்கையார்க்கும் முத்தியாலுப்பேட்டை இடங்கையார்க்கும் உரியவையென்று பிரிக்க முற்பட்டார். மனம் பொறாத பலர் பட்டணத்தை விட்டுச் சாந்தோமுக்குப் போய்விட்டனர். தொழில் நின்று, வியாபாரம் குன்றி, இரு திறத்தார்க்கும் நஷ்டமே நேர்ந்தது. தம் கூட்டத்தாரே வசிக்கும் வீதி வேண்டுமென்னும் விருப்பம் அளவு கடந்தபொழுது விளைந்தது இதுவேயாம். இன்றும் வீடு வாடகைக்கு விடுவோர் சிலர் குலம் கேட்டு இடமில்லை யென்று கூறும் இழிவு பட்டணத்தில் அடியோடு ஒழிந்ததன்று. அத்துன்பத்தை நம் பிள்ளைகளும் அறிவர். ஆகலின் நாம் வீட்டுக்காரராகும் காலத்து அதனைப் பிறர்க்குச் செய்யாதிருத்தல் நமக்குக் கடமையாகும்.

நிற்க. அதிகாரிகள் குறித்துக் கொடுத்த இடம் எவ்வளவு நிலையற்றது என்பதற்கும் சரித்திரத்தில் சான்றுண்டு. 1746-ம் வருஷத்தில் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். அவர்கள் காலத்திலும், பின்னர்த் திரும்பி வந்த ஆங்கிலேயர் காலத்திலும், கோட்டையின் பாதுகாப்பிற்கு இடையூறென்று பழைய கறுப்பர் பட்டணம் முழுவதும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அந்த வெற்றிடத்திலேயே 1892-ம் வருஷத்தில் உயர்நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. இடம் இழந்த ஜனங்கள் வடக்கே தள்ளிக் குடியேறிய பகுதி இன்று ஜார்ஜ் டவுன் எனப்படுகின்றது. ஐதர் அலியின் படை 1769-ம் வருஷத்தில் பட்டணத்தை நெருங்கிய பின்னர் அதனைச் சுற்றி மதில் எழுப்பப்பட்டது. அம்மதிலுக்காக ஜனங்களிடம் வரி வாங்க நினைத்ததன் அடையாளமாக வால்டாக்ஸ் ரோடு என்னும் பெயர் மட்டும் நிலைத்திருக்கின்றது.

யுத்த பயம் நீங்கிய பின் பட்டணம் மேற்கு நோக்கி விரிந்தது. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும் செல்வர்களும் மவுண்ட் ரோட்டின் இருமருங்கிலும், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, கீழ்ப்பாக்கம் முதலிய இடங்களிலும் பெரிய தோட்ட வீடுகளைக் கட்டிக்கொண்டனர். வண்டியும் குதிரையும் உடையவர்க்கே அங்ஙனம் தொலைவில் வசித்தல் இயலும். ஏழைகளும் நடுத்தரக் குடும்பத்தாரும் வேலை செய்யும் இடத்தை ஒட்டியே நெருங்கி வாழ வேண்டியிருந்தது.

இந்நிலைமையை மாற்றியது இருப்புப் பாதை. தென்னாட்டின் முதற்புகைவண்டி 1856-ம் வருஷத்தில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. 1860-களின் தொடக்கத்தில் அப்பாதை சேலத்தை எட்டியது. அதுவரை ஆத்தூர்க் கணவாய் வழியாகவோ, திருப்பத்தூர் வழியாகவோ மாட்டு வண்டியில் பல நாள் சென்ற பட்டணம், நம் சீமையார்க்கு ஓர் இரவுப் பிரயாணமாயிற்று. ஆயினும் புறநகர் வாழ்க்கைக்கு உண்மையான வழி திறந்தது 1931-ம் வருஷத்திலேயாம். அவ்வருஷம் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம், சைதாப்பேட்டை, பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் ஆகிய இடங்களில் குடியிருந்துகொண்டு, காலையில் கோட்டைப் பக்கத்து ஆபீஸுக்குச் சென்று மாலையில் திரும்பும் குமாஸ்தாக்களின் வாழ்க்கை அதன் பின்னரே பெருகியது. தோல் பதனிடும் குரோம் லெதர் தொழிற்சாலையின் பெயரால் குரோம்பேட்டை என்றொரு ஊரும் அப்பாதையில் உண்டாயிற்று.

இனி, நம் விஷயத்திற்கு மிக இன்றியமையாத மாம்பலத்தின் சரித்திரத்தைக் கூறுவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையின் மேற்கெல்லையில், நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுண்ட் ரோட்டிற்கு மேற்கே வில் போல வளைந்து ஒரு நெடிய நீர்ப்பரப்பு கிடந்தது. அதனை ஆங்கிலேயர் லாங் டேங்க் என்றனர். நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரியும் சேர்ந்ததே அது. படகுப் போட்டிகள் நடத்தும் அளவிற்கு அதில் நீர் இருந்தது. பட்டணத்தில் ஜனநெருக்கம் மிகுந்ததால், 1920-ம் வருஷத்து நகரமைப்புச் சட்டத்தின் துணைகொண்டு, 1923-ம் வருஷம் முதல் அந்த ஏரியின் பகுதியை வடித்து மேடாக்கி மாம்பலம் குடியிருப்புத் திட்டம் நிறைவேற்றப்பட்டது. 1925-ம் வருஷத்தில் காலமான சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரால் அது தியாகராய நகர் ஆயிற்று. நடுவிலுள்ள பூங்கா பனகல் அரசர் பெயரைப் பெற்றது.

அத்திட்டத்தைச் செய்தவர்களை நாம் குறை கூறப் புகுந்தோமில்லை. அகன்ற வீதிகளும், பூங்காவும், காற்றோட்டமான மனைகளும் பெற்ற முதல் நடுத்தரப் புறநகர் அது. விலை கொடுக்க வல்லவர் எக்குலத்தாராயினும் மனை வாங்கலாம் என்னும் நிலை, பழைய பேட்டைகளில் காணப்படாத நன்மை. ஆயினும் ஏரியை வடித்தவர்கள் மழையை நிறுத்த இயலவில்லை. மேற்கு மாம்பலத்து வீதிகளில் ஐப்பசி கார்த்திகையில் நீர் தேங்குவது அங்குள்ளார்க்குப் பழகிய செய்தி. 2021-ம் வருஷம் நவம்பர் மாதத்து மழையில் தியாகராய நகரத்து வீதிகளும் வெள்ளக்காடாயின. நுங்கம்பாக்கத்துப் பகுதியும் அங்ஙனமே பிற்காலத்தில் மறைந்தது. 1976-ம் வருஷத்தில் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பது அவ்வேரியின் படுகையிலேயாம். டேங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா என்னும் வீதிப் பெயர்கள் இன்றும் ஏரிக்கரையை நினைவூட்டுகின்றன.

சுதந்திரத்திற்குப் பின் இவ்வழக்கம் விரிவடைந்தது. கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தார் அடையாற்றில் காந்தி நகரை அமைத்தனர். நகர அபிவிருத்தி டிரஸ்டின் பெயரால் சி.ஐ.டி. நகர் உண்டாயிற்று. 1961-ம் வருஷத்தில் வீட்டு வசதி வாரியம் ஏற்பட்டு, அசோக் நகர், கலைஞர் கருணாநிதி நகர், பெசன்ட் நகர் முதலியவற்றை வளர்த்தது. நடுவக்கரை முதலிய கிராமங்கள் இருந்த இடத்தில் 1968-ம் வருஷத்தில் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்தது. அதனைத் தொடர்ந்து அங்கே அண்ணா நகர் வளர்ந்தது. இவை பெரும்பாலும் வீதி வகுத்து, மனை பிரித்து, பின்னர் வீடு கட்டிய ஊர்கள்.

1990-களுக்குப் பின்னர் நிலைமை வேறாயிற்று. பழைய மகாபலிபுரம் சாலையில் கணினித் தொழில் நிலையங்கள் பெருகின. 2000-ம் வருஷத்தில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. நம் பிள்ளைகளில் பலர் வேலைக்குச் சென்றதும் இச்சாலையிலேதான். வேலை வந்த வேகத்திற்கு வீதியும் வடிகாலும் வரவில்லை. வேளச்சேரி ஏரியின் பெரும்பகுதி குடியிருப்பாயிற்று. அதற்குத் தெற்கே பள்ளிக்கரணையில் பல ஆயிரம் ஏக்கர் பரந்திருந்த சதுப்பு நிலம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. எஞ்சியதைக் காக்க வேண்டுமென்னும் உணர்ச்சி பிற்பாடே வந்தது; 2022-ம் வருஷத்தில் அது ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்புடைய நீர்நிலையாக அறிவிக்கப்பட்டது.

இச்சதுப்பு நிலத்தின் தொழிலை நம் அன்பர்கள் எளிதில் உணரலாம். நம் சமவெளியில் ஓர் ஏரி நிறைந்து கலிங்கு வழிந்தால் அந்நீர் வாரி வழியே அடுத்த ஏரிக்குப் போகின்றதன்றோ? அவ்வாறே மாடம்பாக்கம், சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் முதலிய ஏரிகளின் உபரி நீர் ஒன்றையடுத்து ஒன்றாக வழிந்து பள்ளிக்கரணையை அடைந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் செல்ல வேண்டும். சேலம் கடல் மட்டத்திற்குச் சுமார் 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. நிலம் சரிவாதலால் நீர் ஓடிவிடும். சென்னையோ சராசரி 6 அல்லது 7 மீட்டர் உயரமே உடையது. ஆண்டு மழையோ சுமார் 140 சென்டிமீட்டர். அதில் பெரும்பகுதி மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்க்கின்றது. வாட்டமில்லாத அந்நிலத்தில் வாரியையும் மடுவையும் அடைத்துவிட்டால், நீர் வீட்டிற்குள் புகுதலன்றி வேறு வழியறியாது.

2015-ம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் தேதியும் இரண்டாந் தேதியும் அதனை உலகறியச் செய்தன. தாம்பரத்தில் ஒரு நாள் அளவில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டு, அடையாறு கரை புரண்டது. முடிச்சூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய இடங்களில் வீடுகள் மூழ்கின, வேளச்சேரியும் தப்பவில்லை. 2023-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் மிக்ஜாம் புயல் மழையில், பள்ளிக்கரணையைச் சூழ்ந்த பகுதிகளில் ஜனங்கள் பல நாள் நீர் நடுவில் தத்தளித்தனர். இவர்கள் சோம்பேறிகளோ அறிவிலிகளோ அல்லர். கற்றவர்கள், கடன் வாங்கி ஒழுங்காக வட்டி கட்டியவர்கள். தாம் வாங்கிய இடம் முன்னே என்னவாக இருந்தது என்பதை அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

வெள்ளத்தால் மட்டுமன்று, வறட்சியாலும் இதே பிழை தண்டிக்கின்றது. ஏரியை மூடிய ஊரில் கிணறும் வறளும். 2019-ம் வருஷத்துக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்னும் நான்கு ஏரிகளும் வற்றிப்போயின. அவ்வருஷம் ஜூலை 12-ந் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லக்ஷம் லிட்டர் தண்ணீர் ரயிலில் ஏற்றி வில்லிவாக்கத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அது எந்தத் தண்ணீர்? நம் சேலம் சீமையில் 1934-ம் வருஷத்தில் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் காவிரி நீர். நம் பிள்ளைகள் போன வழியே நம் நீரும் 200 கிலோமீட்டருக்கு மேல் போய் அவர்களுக்குக் குடிக்கக் கிடைத்தது. அக்கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். புறநகரைத் தெரிந்தெடுக்கும் ஆண்மகன் பகலெல்லாம் ஆபீஸில் இருப்பான். அங்கே நாள் முழுவதும் வாழ்பவர்கள் மனைவியும், குழந்தைகளும், ஊரிலிருந்து வந்த வயோதிகப் பெற்றோருமே. ஆதலின் வீடு பார்க்கப் போகும்பொழுது அவர்களையும் உடனழைத்துச் சென்று, அவர்கள் சொல்லுக்குச் செவி சாய்த்தல் முறையாகும்.

இச்சரித்திரத்தினின்று நாம் கொள்ள வேண்டிய வழிகளை இனிச் சுருக்கிக் கூறுவோம். முதலாவது, ஊர்ப் பெயரைக் கவனித்தல். தாங்கல் என்பது சிறிய ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்னும் பெயர்கள் அங்கே நீர்நிலை இருந்ததைச் சொல்லாமற் சொல்லும். ஓட்டேரி என்பதும் அத்தகையதே. இப்பெயருடைய ஊர் முழுவதும் ஆகாது என்று கொள்ளற்க. ஏரியிருந்த ஊரில் மேடும் உண்டு, கரையும் உண்டு, படுகையும் உண்டு. நாம் வாங்கும் மனை இவற்றுள் எது என்று விசாரித்தலே வேண்டுவது. பழைய கோயிலும் பழைய குடியிருப்பும் பெரும்பாலும் மேட்டில் இருக்கும். அவற்றை நோக்கி நம் மனை எவ்வளவு தாழ்ந்திருக்கின்றதென்று பார்க்கலாம்.

இரண்டாவது, பத்திரங்களை ஆராய்தல். கிரயப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்த்தவுடன் பலர் திருப்தியடைந்து விடுகின்றனர். வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் அச்சர்வே எண் ஏரி, ஓடை, மேய்க்கால், புறம்போக்கு என்று வகைப்படுத்தப்பட்டுள்ளதா என்பதையும், புல வரைபடத்தில் வாய்க்கால் ஏதேனும் செல்கின்றதா என்பதையும், பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதியையும் பார்த்தல் வேண்டும். 2007-ம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி ஏரி நிலத்து ஆக்கிரமிப்புகளை அகற்ற அரசாங்கத்திற்கு அதிகாரம் உண்டு. அந்நாளில் மஞ்சட் காடு விற்ற பணம் மீளாது. இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஏரிக்குக் கீழிருந்த நஞ்சை நிலம் முறையான பட்டா உடையது. விற்பதில் சட்ட விரோதம் யாதொன்றுமில்லை. ஆயினும் அது மதகு நீர் பாய்வதற்கென்றே தாழ அமைந்த பூமி. பத்திரம் குற்றமற்றதாக இருப்பதனாலேயே பூமியும் மேடானதென்று எண்ணிவிடலாகாது.

மூன்றாவது, வாங்குமுன் ஒரு மழைக்காலம் அப்பகுதியில் வாடகைக்கு வசித்துப் பார்த்தல். சித்திரையில் பார்த்த வீதி வேறு, கார்த்திகையில் பார்க்கும் வீதி வேறு. ஒரு வருஷ வாடகை வீணாயிற்றே என்று கருதற்க. அது ஆயுட்கால நஷ்டத்திற்கு முன்கூட்டிச் செலுத்தும் காப்புத் தொகை போன்றது. வீதியிலுள்ள தையற்காரரையும், பெட்டிக்கடைக்காரரையும், துணி தேய்ப்பவரையும் கேட்டால், 2015-ல் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று கையால் தொட்டுக் காட்டுவர். மனை விற்கும் தரகர் அதனைச் சொல்லார்.

நான்காவது, ஊருக்கு வரும் வழியை எண்ணுதல். சேலத்திலிருந்து பட்டணத்திற்கு இருப்புப் பாதை இரண்டு. ஒன்று ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம், ஆவடி, பெரம்பூர் வழியாகச் சென்ட்ரலை அடைகின்றது. மற்றொன்று ஆத்தூர், விருத்தாசலம், விழுப்புரம், செங்கற்பட்டு, தாம்பரம் வழியாக எழும்பூரை அடைகின்றது. வெளியூர்ப் பேருந்துகள் 2002-ம் வருஷம் முதல் கோயம்பேட்டிலிருந்து புறப்பட்டன. தென்திசைப் பேருந்துகளுக்கென வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய நிலையம் 2023-ம் வருஷம் டிசம்பர் மாத முடிவில் திறக்கப்பட்டது. நாமகிரிப்பேட்டையார்க்கு ஆத்தூர் வழியே நெருங்கிய வழியாதலால், தாம்பரம், வண்டலூர்ப் பக்கத்தில் வசிப்பவர் நள்ளிரவில் பட்டணத்தைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. வயோதிகரான தாய் தந்தையர்க்கு இச்சௌகரியம் சிறிதன்று. 2019-ல் ஆவடியும் 2021-ல் தாம்பரமும் தனி மாநகராட்சிகளாயின. ஆதலின் இவை இனிக் கடைக்கோடி ஊர்கள் ஆகமாட்டா. ஆயினும் தாம்பரத்திலேயே 2015-ல் மூழ்கிய வீதிகளும் உண்டு, நனையாத வீதிகளும் உண்டு என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, உறவினர் அருகில் இருத்தல். இது நன்மையே. பிரசவத்திற்கும், நோய்க்கும், துக்கத்திற்கும் ஓடி வரத்தக்கவர் வேண்டும். ஆனால் ஒரே வீதியில், ஒரே மாடிக் கட்டடத்தில் இருந்தாலன்றி உறவு நிலைக்காது என்பதில்லை. ஒரே ரயில் பாதையில் அரை மணி தூரத்தில் இருந்தால் போதும். மாமன் வாங்கினார், ஆகவே நாமும் வாங்கினோம் என்று பத்துக் குடும்பத்தார் ஒரே பள்ளத்தில் குடியேறினால், வெள்ளத்தன்று ஒருவரையொருவர் தாங்குவதற்கு யார் இருப்பர்? மேட்டில் ஒரு வீடேனும் நம்மவரிடம் இருந்தால், மற்ற ஒன்பது குடும்பங்களும் அங்கே ஒதுங்கலாம்.

நாதஸ்வர வித்துவான் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் அவர்களால் நம் ஊரின் பெயர் பட்டணத்தார் செவியில் ஒலித்தது. அவர் ஊரின் பெயரைத் தம் பெயரிலேயே தாங்கிச் சென்றார். பட்டணத்தில் வசிக்கும் நம் பிள்ளைகள் பெயரைத் தாங்காவிடினும், ஊரார் பூமியைப் பார்க்கும் கண்ணையாவது உடன் கொண்டு செல்வார்களாக.

இறுதியாக, நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். சென்னையின் பல பகுதிகளிலும் வசிக்கும் நம் குடும்பத்தார் ஒவ்வொருவரும், தாம் வசிக்கும் வீதியைக் குறித்துச் சில வரிகள் எழுதியனுப்புதல் வேண்டும். 2015-லும், 2021-லும், 2023-லும் வீதியில் நீர் எவ்வளவு உயர்ந்தது. எத்தனை நாள் நின்றது. கோடையில் குழாய்த் தண்ணீர் வருகின்றதா, லாரித் தண்ணீரா. கிணற்றில் எத்தனை அடியில் நீர், அது உப்பா நல்ல நீரா. பள்ளிக்கும் ரயில் நிலையத்திற்கும் எவ்வளவு நடை என்னும் விவரங்கள் போதும். அவற்றைச் சங்கத்தில் ஒரு குறிப்பேட்டில் தொகுத்து வைத்தால், அடுத்த வருஷம் பட்டணம் செல்லும் பிள்ளைக்கு அது தரகர் பேச்சினும் உதவும். நம் சங்கத்தார் அல்லாதார் வந்து கேட்பினும் அதனைக் காட்டுவோமாக. வெள்ளம் குலம் பார்த்து வீதிக்குள் வருவதில்லை. வருகின்ற ஐப்பசிக்குள் முதற்குறிப்புகள் வந்து சேருமென்று எதிர்பார்க்கின்றோம்.